செண்பகம் ஸ்டோர்ஸ்

நான் என் வீட்டுக்காரியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது மதுரையில், ஆஸ்பத்திரி வராந்தாவில், சக்கரக் கட்டிலில். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பித்தப்பையில் கல். பெரிய விஷயமில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்கள். கதவுக்கு முன்னால் கட்டிலை ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் குனிந்தேன். கேஸை மூடினீங்களா என்று கேட்பாள், மாத்திரையை மறக்காதீங்க என்பாள், அப்படி ஏதாவது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"நான் வர்ற வரைக்கும் கடையைத் திறக்காதீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மயக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது.

தம்பி, அந்தக் கம்ப்யூட்டரில் கை வைப்பதற்கு முன்னால் இதை நீங்கள் கேட்டுவிட வேண்டும். உட்காருங்கள். பையைக் கீழே வையுங்கள். பிளாஸ்கில் காப்பி இருக்கிறது, நான் போட்டதுதான், குடிக்கலாம். என் மகன் கதிரேசன் வெளிநாட்டில், பெர்த்திலிருந்து உங்கள் சர்வீஸ் கடைக்குப் போன் பண்ணி என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். அப்பா அந்த கேமைப் போட்டுக் குழப்பிவிட்டார், அம்மா விட்டுப்போன நாளில் அது எப்படி இருந்ததோ அதற்கு ஒரு காப்பி என்னிடம் இருக்கிறது, அனுப்பியிருக்கிறேன், அதை அப்படியே ஏற்றிவிடுங்கள். இதுதானே? தலையாட்டுகிறீர்கள். சரி. பொய் சொல்லாத பையன்.

கடை என்றதும் மார்க்கெட்டில் இருந்த எங்கள் மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது வேறு. என் தகப்பனார் வைத்தது, 'வேலாயுதம் அன் சன்' என்று பலகை. கோவில்பட்டியில் அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். கட்டடக்காரர் இடிக்கப் போகிறேன் என்றதும் காலி செய்தோம். அதோடு முடிந்தது. நான் சொல்கிற கடை இதற்குள் இருக்கிறது. இந்தக் கம்ப்யூட்டருக்குள்.

நீங்கள் அந்த கேமை ஆடியதில்லையா? அப்படியென்றால் சொல்கிறேன். அந்த ஊரில் ஏதோ ஒரு நோய். செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். ஜாம்பி என்று கதிரேசன் சொல்வான். நான் பிணம் என்றுதான் சொல்வேன், பிணம்தானே அது. பிழைத்துக் கிடக்கிற சனங்கள் கொஞ்சம் பேர். அவர்களுக்கு நடுவில் நீங்கள் ஒரு கடை வைத்திருக்கிறீர்கள். காலையில் திறக்க வேண்டும், சரக்கு எடுத்து அடுக்க வேண்டும், விலை போட வேண்டும். டின் மீன், பால் பவுடர், பேட்டரி, காயத்துக்குக் கட்டுகிற துணி, இப்படி. சனங்கள் வரிசையில் வந்து வாங்குவார்கள். தெருக்கோடியில் பிணங்கள் தலை காட்டினால் ஒரு மணி அடிக்கும். உடனே ஷட்டரை இறக்க வேண்டும். உலகம் அழிந்துபோயிற்று, ஆனால் வியாபாரம் நடக்கிறது. யோசித்தவன் சாமர்த்தியசாலி.

கதிரேசன் லீவில் வந்திருந்தபோது ஆடிக்கொண்டிருந்தான். இவள் காப்பி கொடுக்க வந்தவள் பின்னால் நின்று பார்த்தாள். பார்த்தவள் போகவில்லை. "என்னடா, அரிசி மூட்டையை வாசல்ல போட்டு வச்சிருக்க, ஈரம் ஏறாதா?" என்றாள். அவன் சிரித்துவிட்டு மவுஸை அவள் கையில் கொடுத்தான். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடு வர நேரமாகிவிட்டது. அதுதான் ஆரம்பம்.

ஊருக்குத் திரும்பும்போது அவன் அவளுக்கென்று ஒரு புதுக்கடை திறந்து கொடுத்துவிட்டுப் போனான். பலகைக்குப் பெயர் கேட்டது. அவளாகவே இங்கிலீஷ் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டி 'செண்பகம் ஸ்டோர்ஸ்' என்று வைத்தாள். செண்பகவல்லி என்பது அவள் முழுப்பெயர், எங்கள் ஊர் அம்மன் பெயர். வேலாயுதம் அன் சன் என்று வைத்திருக்கலாம். நீளமாக இருப்பதால் தட்டத் தெரியாமல் விட்டிருப்பாள்.

கடை விஷயம் அவளுக்குப் புதிதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் கடையில் அவள் ஒரு நாள்கூட வெயிலில் நின்றதில்லை, கண்டவனிடம் பேரம் பேசியதில்லை. அப்படி வைத்திருந்தேன். பின்கட்டில் புளி கொட்டை எடுப்பாள், பருப்பு புடைப்பாள், பொட்டலம் போடுவாள். நிழலில் உட்கார்ந்த வேலை. கல்லாவில் பெண்பிள்ளையை உட்காரவைக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. ஒரே ஒரு தடவை எனக்கு டைபாய்டு வந்து படுத்தபோது வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். நான் எழுந்து போய்ப் பார்த்தால் அலமாரி எல்லாம் இடம் மாறியிருந்தது. சோம்பு இருந்த இடத்தில் ஏலக்காய், முன்னால் இருந்த எண்ணெய் டின் பின்னால். எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு மாற்ற எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. வியாபாரம் கூடியிருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அது கல்யாண சீசன்.

இதற்குள் அவள் கடை நடத்தின விதத்தைப் பார்த்திருந்தால் நீங்களே சிரித்திருப்பீர்கள். மணி அடித்ததும் ஷட்டரை முழுதாக இறக்க வேண்டும் என்றுதான் அந்த கேமில் சொல்லித்தருகிறார்கள். இவள் பாதிதான் இறக்குவாள். கதிரேசன் போனில் தலையில் அடித்துக்கொண்டான். அம்மா, முழுசா இறக்குங்கம்மா, உள்ள வந்து கடிச்சுடும் என்றான். அதற்கு இவள் சொன்னதைக் கேளுங்கள்.

"தெருவில பொணம் போறப்ப எந்தக் கடையிலடா முழுசாச் சாத்துறாங்க? பாதி இறக்கி வச்சுட்டு எந்திரிச்சு நிக்கணும். அது மரியாதைக்கு. போனதும் தூக்கிவிட்டுக்கலாம்."

எங்கள் பஜாரில் அதுதான் வழக்கம், வாஸ்தவம். சாவு ஊர்வலம் போகும்போது எல்லாக் கடையும் பாதி ஷட்டர் இறங்கும், கல்லாவில் இருக்கிறவன் எழுந்து நிற்பான். ஆனால் அங்கே தூக்கிக்கொண்டு போகிற பிணமா வருகிறது? தானாக நடந்து வருகிறது. அந்த வித்தியாசம் அவளுக்கு உறைக்கவில்லை. பாதி இறக்கிவிட்டு, நாற்காலியைவிட்டு நிஜமாகவே எழுந்து நிற்பாள். இதோ இந்த அறையில், இந்த நாற்காலியைவிட்டு. கையில் கரண்டி இருந்தாலும் கரண்டியோடு நிற்பாள். அதிர்ஷ்டம், ஒரு பிணமும் உள்ளே வந்ததில்லை. அவை பாட்டுக்கு ஷட்டரைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும்.

வாடிக்கையாளர்களுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தாள். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண்பிள்ளை, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பாள், தினமும் பால் பவுடர் வாங்க வருவாள். அவள் மஞ்சக்கோட்டுக்காரி. வந்ததும் தலைக்குமேல் எழுத்து வரும், 'குட் மார்னிங், செண்பகம்' என்று. எல்லா வாடிக்கையாளர்களும் அப்படித்தான் கும்பிடு போடுவார்கள், பலகையில் இருக்கிற பெயரைச் சொல்லி. மஞ்சக்கோட்டுக்காரிக்கு இவள் விலையைக் குறைப்பாள், மேலே கொசுறாக ஒரு பிஸ்கட் வைப்பாள். கேமில் கொசுறு கொடுக்க வழியே கிடையாது தம்பி. இவள் அதற்கு விலை சைபர் என்று போட்டு வழி கண்டுபிடித்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவளைக் கொண்டுவந்து எல்லாம் முடித்தோம். பால் தெளித்தாயிற்று. வீடு நிறைய ஆள். மறுநாள் காலையில் எனக்குத் தூக்கம் வரவில்லை, எழுந்து இந்த அறைக்கு வந்தேன். இவளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்து எதை எங்கே அமுக்க வேண்டும் என்று ஓரளவு தெரியும். மிச்சத்தை நானாகவே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். கடையைத் திறந்தேன்.

அவள் திறக்காதீங்க என்று சொன்னாளே என்கிறீர்கள். சொன்னாள். என் கண்ணுக்கு ஆகாது என்று சொல்லியிருப்பாள். எனக்குச் சர்க்கரை, கண்ணில் லேசர் வைத்தது. அந்த நேரத்திலும் என்னைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை.

அவளுடைய அண்ணன் ஆவுடையப்பன் கதவைத் திறந்து பார்த்துவிட்டார். மச்சான் ஒரு மாதிரியான ஆள், குரலை உயர்த்த மாட்டார், ஆனால் வீடு முழுக்கக் கேட்கும். சாவு விழுந்த வீட்டில் பதினாறு கழியாமல் கடை திறப்பார்களா மாப்பிள்ளை என்றார். பஜாரில் இருபது கடைக்காரர்கள் உங்க வீட்டுச் சாவுக்காக அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், நீங்க உள்ளே வியாபாரம் பண்றீங்களே என்றார். அவள் கடையைத்தானே திறந்தேன், என் கடையையா திறந்தேன் என்று கேட்டேன். கதவுப்பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டது. எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஒரு கையில் மவுஸைப் பிடித்துக்கொண்டேதான் பேசினேன், வரிசையில் ஆள் நின்றது.

அப்போது அவர் சொன்னார்:

"ஆஸ்பத்திரி வராந்தாவில நானும்தான் மாப்பிள்ளை நின்னேன், அவ சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அவளுக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். இதுலயாவது நீங்க உக்காராம இருங்க."

என்ன பேச்சு இது, சொல்லுங்கள். அவளுக்கென்று இருந்தது இது ஒன்றுதானாம். இந்த வீடு யாருக்கு? நகை யாருக்கு? நாற்பது வருஷம் நான் திறந்து வைத்த கடை யாருக்கு? எனக்கென்று நான் ஒரு வெற்றிலைப் பாக்கு வாங்கிப் போட்டதில்லை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் கடையை என் முறைக்குக் கொண்டுவந்தேன். அலமாரியை ஒழுங்கு பண்ணினேன். விலையைச் சரியான இடத்தில் வைத்தேன். கொசுறை நிறுத்தினேன். மணி அடித்தால் ஷட்டரை முழுதாக, படீரென்று இறக்கினேன். சொல்லித்தருகிறபடி செய்கிறோம், சரிதானே? அந்தச் சத்தத்துக்கு மூன்று தெருப் பிணங்களும் வந்து ஷட்டரில் மோதின. மறுநாள் அதைவிட அதிகம். இவள் காலத்தில் ஒன்றிரண்டுதான் வரும், நான் உட்கார்ந்ததும் திருவிழா மாதிரி வந்தன. புது ஆள் என்று தெரிந்து கேமே சோதிக்கிறது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். சத்தத்துக்குத்தான் வரும் என்கிறீர்களா? கதிரேசனும் அதைத்தான் சொன்னான். இருக்கட்டும்.

மஞ்சக்கோட்டுக்காரி விஷயம் உங்களிடம் சொல்லியிருப்பான். சொன்னானா? நான் முறையாகச் சொல்கிறேன். ஒரு நாள் மணி அடிக்கும்போது அவள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள். கொஞ்ச தூரம்தான் இருந்தது. கால் அப்படி. அவளுக்குப் பின்னாலேயே பிணங்கள். நான் இறக்கிவிட்டேன். வேறு என்ன செய்வது? கடைக்குள் ஐந்தாறு பேர் நின்றார்கள், சரக்கு இருந்தது. ஒருத்திக்காக எல்லாவற்றையும் விடுவதா? வேகமாக நடந்திருந்தால் உள்ளே வந்திருப்பாள். ஷட்டருக்கு அந்தப் பக்கம் எழுத்து மட்டும் தெரிந்தது. வழக்கமான எழுத்துதான். குட் மார்னிங், செண்பகம்.

இரண்டு மூன்று நாள் கழித்துத் தெருக்கோடியில் மஞ்சளாக ஒன்று தெரிந்தது. அதே கோட்டு, அதே சாய்ந்த நடை. இப்போது மற்ற பிணங்களோடு வந்தது. தலைக்குமேல் எழுத்து எதுவும் இல்லை.

அதிலிருந்து பாதிதான் இறக்குகிறேன்.

அம்மாவைப் பார்த்துக் காப்பி அடிக்கிறீங்கப்பா என்று கதிரேசன் சொன்னான். அதெல்லாம் இல்லை. முழுதாக இறக்கினால் வெளிச்சம் போய்விடுகிறது, அதனால்தான். எழுந்து நிற்கிறீர்களே என்றான், பேசும்போது கம்ப்யூட்டர் கேமராவில் பார்த்திருக்கிறான். உட்கார்ந்தே இருந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது. கொசுறு மறுபடி கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன், அது வியாபாரத் தந்திரம், பெரிய கடைகளில்கூடச் செய்கிறார்கள். எங்கள் கடையில் ஒரு தடவை ஏலக்காய் இடம் மாறினமாதிரி சில சாமான்களை முன்னால் வைத்திருக்கிறேன். நான் விலை ஏற்றினதும் விட்டுப்போன வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் திரும்ப வருகிறார்கள். என் கடைக்கு வருகிறார்கள். செண்பகம் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதற்கு நான் என்ன செய்ய? முதலில் காதில் விழுந்தமாதிரி திடுக்கென்று இருக்கும். கட்டின நாளிலிருந்து நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்தா என்பேன், கேட்டியா என்பேன். இப்போது நாள் முழுக்க ஒருத்தர் மாற்றி ஒருத்தர் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். நான்தான் சாமான் எடுத்துக் கொடுக்கிறேன்.

போன வாரம் கதிரேசன் என்னிடம் அழுதுவிட்டான். பிள்ளையைக் குறை சொல்லவில்லை, அவனுக்கு அம்மா மேல் உயிர். அங்கே தனியாக இருக்கிறான், அங்கிருந்து திறந்தாலும் இதே கடைதான் தெரியும், அம்மாவின் கடை என்று ஒன்றைப் பார்க்கலாம் என்று இருந்திருக்கிறான். அவன் சொன்னான், "அம்மா அடுக்கின மாதிரியே எல்லாம் திரும்ப வந்துரும்ப்பா. மஞ்சக்கோட்டுக்காரிகூட வந்துருவா. நீங்க தொடாம இருந்தாப் போதும்."

நான் சொன்னேன், "செத்தவங்க திரும்பி வந்தா எப்படி இருக்கும்னு நான் தினமும் அந்தத் தெருவில பாக்குறேன்டா. எனக்கு வேண்டாம்."

போனை வைத்துவிட்டான். பிறகு உங்களுக்குப் பேசியிருக்கிறான்.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். இதையும் ஒரு பக்கம் காப்பி எடுத்து வைத்துவிட்டு, அதையும் ஏற்றிவிடலாம், ஒன்றும் அழியாது. நல்ல யோசனை. உங்களுக்கு யாரையும் நோகடிக்க மனசு வராது, தெரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அதை ஏற்றினால் அங்கே என்ன இருக்கும்? ஷட்டர் இறங்கிக் கிடக்கும். வாசலில் ஆட்கள் நிற்பார்கள், பால் பவுடருக்கு ஒருத்தி நிற்பாள். யாரும் திறக்கக் கூடாது. அவள் வருகிற வரைக்கும் திறக்கக் கூடாது. எத்தனை வருஷம் நிற்பார்கள் அவர்கள்?

அவள் வருவாள் என்றால் நான் திறந்திருக்க மாட்டேன் தம்பி.

இதைக் கதிரேசனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அப்பா தொடவிடவில்லை, வாசலிலேயே மறித்துவிட்டார் என்று சொல்லுங்கள். ஆவுடையப்பனையும் பேசச் சொல்லட்டும், சொந்தக்காரர்கள் எல்லோரையும் பேசச் சொல்லட்டும். பிணம் நடமாடுகிற கேமை வீட்டில் வைத்திருக்கிறான் என்று எதிர்வீட்டு அம்மாள் தன் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறாள், கட்டட்டும். நீங்கள் வந்துபோன கூலியை அவன் தராவிட்டால் நான் தருகிறேன். ஆனால் கடை நடக்கும். நான் இருக்கிறவரைக்கும் நடக்கும். கண் போனால் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லி நடத்துவேன்.

வேண்டுமானால் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பாருங்கள், குழப்பிவிட்டேனா இல்லையா என்று. இதோ, இது நான் எடுத்த அரிசி. இந்தப் பேட்டரியெல்லாம் நான் எடுத்தது. இந்த மெழுகுவர்த்தி, டின் மீன், காயத்துணி, பால் பவுடர், எல்லாம் நான் எடுத்துப்போட்டது. அவள் எடுத்து வைத்திருந்ததெல்லாம் விற்றுப் போயிற்று. விற்றேன். அடுக்கி வைத்துக் கும்பிடவா சரக்கு? கேட்டவர்களுக்குக் கொடுத்தேன், ஒவ்வொன்றாகப் போயிற்று. கடைசியாக ஒரு தீப்பெட்டிக் கட்டு இருந்தது, அது நேற்றுக் காலையில் போயிற்று.

மேல் தட்டில் நீலமாகத் தெரிகிறதே, அது துணி சோப்பு. உலகம் அழிந்தாலும் துணி துவைத்துத்தானே ஆகவேண்டும் என்று அவள் நிறைய எடுத்துவிட்டாள். அந்த ஊரில் யாரும் துணி துவைப்பதில்லை. விலையைக் குறைத்துப் பார்த்தேன், ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் எடுத்த சரக்கில் மிச்சம் இருப்பது அந்த ஒரு வரிசை சோப்பு.